லெவிட்டான் கண்ட இலையுதிர் காலம்

ருஷ்ய தேசத்தின் இயற்கையழகை அத்தேசத்தாருக்கே கண்திறந்து காட்டிய சித்திரக்காரர் ஐசக் லெவிட்டான். அவரை ஜார் சர்க்கார் இருமுறை மாஸ்கோ நகரினின்றும் வெளியேற்றியது. அவர் செய்த குற்றம் யூதராய்ப் பிறந்தது ஒன்றே.

இன்றைய லிதுவேனியாவில் 1860-ம் ஆண்டில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1873-ல் மாஸ்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1875-ல் தாயையும் 1877-ல் தந்தையையும் இழந்தார். வறுமையோ சொல்லுந்தரமன்று. 1879-ல் ஸொலோவியோவ் என்பவன் ஜார் இரண்டாம் அலெக்ஸாந்தரைச் சுட முயன்றான். சுட்டவன் யூதனல்லன், ஆயினும் மாஸ்கோவை விட்டு வெளியேறும்படி யூதருக்கு உத்தரவு பிறந்தது. அதிகார வர்க்கத்தின் நியாயம் எங்கும் இத்தகையதே போலும்! பதினெட்டு வயது இளைஞர் நகருக்கு வெளியே ஸால்டிகோவ்கா என்னுமிடத்தில் ஒதுங்கினார்.

அவ்வாண்டில் தீட்டியதே ஸொகோல்னிகிப் பூங்காவின் இலையுதிர் காலச் சித்திரம். மேகம் கவிந்த வானம், இருமருங்கும் கருத்த உயர்மரங்கள், மஞ்சளித்த இளங்கன்றுகள், உதிர்ந்த சருகுகளினூடே வளைந்து செல்லும் பாதையில் கறுப்புடை தரித்துத் தனியே நடந்துவரும் ஒரு மாது. அம்மாதின் உருவை எழுதியவர் கதாசிரியர் செகாவின் சகோதரர் நிக்கோலாய். மாது இல்லாவிடினும் படத்தின் துயரம் குறையாது என்பதே நம் கருத்து. பாதையும் வானமுமே அதனைச் சொல்லிவிடுகின்றன. 1880-ல் வர்த்தகர் டிரெட்டியாகோவ் அதனை 100 ரூபிளுக்கு வாங்கித் தமது சித்திரசாலையில் வைத்தார்.

அச்சித்திரசாலையை டிரெட்டியாகோவ் 1892-ல் மாஸ்கோ நகருக்கே தானமாக அளித்தார். லெவிட்டானின் சித்திரங்களும் அத்தானத்தில் அடங்கியிருந்தன. அதே ஆண்டில் யூதர்களை வெளியேற்றும் உத்தரவு அவர்மீது மீண்டும் பாய்ந்தது! படங்களுக்கு இடமளித்த நகரில் படைத்தவருக்கு இடமில்லை. நண்பர்களின் பெருமுயற்சியால் பின்னர் திரும்பினார். கைதிகள் சைபீரியாவுக்கு நடந்து சென்ற விளாதிமிர் நெடுஞ்சாலையை ஆளரவமற்ற வெறுஞ்சாலையாக அவர் தீட்டியதும் அவ்வாண்டிலேயே.

1895-ம் ஆண்டுக் கோடையில் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். செகாவ் சென்று அவரைக் கண்டு வந்தார். ஆனால் அவ்வாண்டிலேயே பிறந்த ‘பொன் இலையுதிர் காலம்’ என்னும் சித்திரத்தில் துயரத்தின் சாயலே இல்லை. குளிர்ந்த நீலநிறச் சிற்றாறு, அதன் கரையில் பொன்னாய் ஒளிரும் பூர்ச்ச மரங்கள், வெளிறிய மேகங்கள் தவழும் தெளிந்த வானம். பனிக்காலம் வருமுன் சில நாட்களே நிலைக்கும் அப்பொலிவை, நிலையற்றதென்று அறிந்தே அவர் கொண்டாடியிருக்கிறார்.

1898-ல் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1900-ல், நாற்பது வயது நிரம்புமுன், இருதய நோயால் மாஸ்கோவில் காலமானார். யூதர் மயானத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அவரது உடல் 1941-ல் நோவோதேவிச்சி மயானத்துக்கு மாற்றப்பட்டது. செகாவின் கல்லறைக்கு அருகே அவர் துயில்கின்றார்.