முட்டை கேட்டால் 'பிரெஞ்சு தெரியாது' என்ற பெண்... யார் இந்த வில்லியம் காக்ஸ்டன்?

'இது என்ன விலை?' என்பதை பிரெஞ்சில் எப்படிக் கேட்பது? போனைத் தட்டினால் நொடியில் வந்துவிடும். ஆனால், 500 ஆண்டுகளுக்கு முன்பு? அதற்கும் ஒருவர் வழி செய்து வைத்திருந்தார். அவர்தான் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தைத் தொடங்கிய வில்லியம் காக்ஸ்டன்.

துணி வியாபாரி அச்சுக்கு வந்தது எப்படி?

1420 வாக்கில் கென்ட் பகுதியில் பிறந்தவர் காக்ஸ்டன். லண்டனில் துணி வணிகரிடம் தொழில் பழகிவிட்டு, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரத்துக்குப் போனார். சுமார் 30 ஆண்டுகள் வெளிநாட்டு வாசம்தான். அங்கே டிராய் நகரக் கதையை பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார். ஆளாளுக்குப் பிரதி கேட்டார்கள். எழுதி எழுதிக் கை ஓய்ந்து போனதால் அச்சுத்தொழிலைக் கற்றுக்கொண்டார். 1473-74 வாக்கில் வெளியான அதுதான் ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகம். 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார்.

பேச்சுக்கு ஒரு புத்தகம்

1480 வாக்கில் பிரெஞ்சு - ஆங்கிலப் பேச்சுக் கையேடு ஒன்றை அச்சிட்டார். வணக்கம் சொல்வது, வீட்டுச் சாமான்கள், சாப்பாடு, துணிக்கு விலை பேசுவது என எல்லாமே அன்றாடப் பேச்சு. ஒரு பக்கம் பிரெஞ்சு, பக்கத்திலேயே ஆங்கிலம். பழைய புரூஜ் பாடநூல் ஒன்றைத் தழுவியது இது.

முட்டையால் வந்த வம்பு

சரி, மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா? 1490-ல் இன்னொரு பிரெஞ்சு நூலை மொழிபெயர்த்தபோது, முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார் காக்ஸ்டன். காற்று இல்லாமல் தேம்ஸ் நதியில் கப்பல் நின்றுவிட, வணிகர்கள் கரையிறங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டில் 'எக்ஸ்' கேட்டார். வீட்டுக்காரம்மாவோ தனக்கு பிரெஞ்சு தெரியாது என்றார்! வணிகருக்கோ கோபம். அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாதே! கூட வந்தவர் 'ஐரன்' என்று கேட்டதும் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டுமே முட்டைதான், இரண்டுமே ஆங்கிலம்தான்!

இதில் எந்தச் சொல்லை அச்சில் போடுவது? காக்ஸ்டனின் தலைவலி இதுதான். புரியாத சொற்களைப் போடுகிறார் என்று சிலர் குறை சொன்னார்கள். இன்னும் சிலர் நயமான சொற்கள்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில், ரொம்பக் கொச்சையாகவும் இல்லாமல், ரொம்பக் கடினமாகவும் இல்லாமல் நடுவழியில் போக முடிவு செய்தார்.

ஓரிரு ஆண்டுகளில் காக்ஸ்டன் காலமானார். 'ஐரன்' வழக்கொழிந்தது, 'எக்ஸ்' நிலைத்தது. ஆனால் கேட்பவருக்குப் புரியும் சொல் எது என்ற அவரது கேள்வி, இன்றும் மொழிபெயர்க்க உட்காரும் எல்லோர் முன்னாலும் நிற்கிறது.