ஏழிசை மன்னர் சிறை புகுந்த வரலாறு



எம் மோகனூரில் மாலை வேளையிற் காவிரிப் படித்துறையருகே முதியோர் சிலர் கூடுவதுண்டு. நாட்டு நடப்பெல்லாம் பேசி முடிந்த பின்னர்ப் பேச்சு பழைய கொலை வழக்குகளின்மேற் செல்லும். 1952-ஆம் ஆண்டில் ரயில் வண்டிப் பெட்டியொன்றில் தலையற்ற உடலாய்க் காணப்பட்ட ஆளவந்தாரின் கதையை அவர்கள் கண்ணாற் கண்டதுபோல் உரைப்பர். ஆயின் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்னும் பெயர் எழுந்தவுடன் குரல் தாழ்ந்துவிடும். கொலையுண்டவரைப் பற்றிய இரக்கம் அன்று அது. அவ்வழக்கிலே சிக்கிய எம். கே. தியாகராஜ பாகவதரைப் பற்றியது. அப்பெருமகனாரின் சரித்திரத்தை இளைஞர் பலரும் அரைகுறையாகவே அறிந்திருத்தலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

பாகவதர் 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ஆம் தேதி மாயவரத்திற் பிறந்தவர். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரியார், பொற்றொழில் புரிந்தவர். குடும்பம் திருச்சிராப்பள்ளியிற் குடியேறியது. பிள்ளைக்கோ ஏட்டிலும் மனம் செல்லவில்லை, பட்டறையிலும் மனம் செல்லவில்லை, பாட்டிலேயே சென்றது. தந்தையார் கண்டிக்கவே, சிறுவர் ஒருவருமறியாது வீட்டைவிட்டுக் கடப்பைக்குச் சென்றுவிட்டார். தேடிச் சென்ற தந்தையார், தம் மைந்தன் பாட, ஜனங்கள் சூழ்ந்திருந்து கேட்கும் காட்சியைக் கண்டு வியந்து, அன்று முதல் தடுத்திலர். திருச்சி ரசிக ரஞ்சனி சபையை நடத்தி வந்த எப். ஜி. நடேசய்யர் அவரை அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார்.

1934-இல் கே. சுப்பிரமணியம் எடுத்த பவளக்கொடியில் அர்ச்சுனனாகத் தோன்றியபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. அப்படத்திற் பாட்டுக்களே ஏறக்குறைய ஐம்பது என்றால், அக்காலத்தார் படக்கொட்டகைக்கு எதன்பொருட்டுச் சென்றனர் என்பது விளங்கும். 1937-இல் வெளிவந்த சிந்தாமணி ஓராண்டுக்கு மேலும் ஓடிற்று. அதன் லாபத்தால் மதுரையில் அப்பெயரிலேயே ஒரு கொட்டகை எழுந்தது. அவ்வாண்டே அம்பிகாபதியும் வந்தது. அதனைத் தயாரித்தவர்கள் நம் சேலத்துச் சங்கர் பிலிம்ஸார் என்பதை நம்மவருள் எத்துணைப் பேர் அறிவரோ! திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி எனப் படங்கள் தொடர்ந்தன. பாபநாசம் சிவனின் சாகித்தியமும் பாகவதரின் சாரீரமும் சேர்ந்தவிடத்து, பட்டிக்காட்டு உழவனும் ராகத்தின் பெயரறியாமலே ராகத்தைப் பாடித் திரிந்தான். அவர் தோள்வரை வளர்த்திருந்த தலைமயிரைக் கண்டு இளைஞர் பலர் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டனர். 1944-ஆம் ஆண்டு தீபாவளியன்று ஹரிதாஸ் வெளியாயிற்று. அன்று தமிழ்நாட்டில் அவரினும் புகழ் வாய்ந்த நடிகர் எவருமிலர்.

இனிச் சி. என். லட்சுமிகாந்தன் என்பவரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கள்ளப் பத்திரக் குற்றத்திற்காகச் சிறை சென்று மீண்டவர் இவர். எழுத்து வன்மை உடையவர். அதனைச் செலுத்திய வழிதான் நன்றன்று. சினிமா தூது என்னும் பத்திரிகையைத் தொடங்கி, நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை, மெய்யும் பொய்யுமாகக் கலந்து எழுதி வந்தார். பணம் கொடுத்தோர் பெயர் ஏட்டில் வாராது என்ற பேச்சும் பரவிற்று. யுத்த காலமாகையாற் பத்திரிகை நடத்த அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருந்தது. பாகவதர், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன், கோயமுத்தூர்ப் பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னைக் கவர்னருக்கு விண்ணப்பம் செய்ய, அனுமதி ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் சளைத்தாரில்லை. இந்து நேசன் என்னும் வேறொரு பத்திரிகையைக் கைக்கொண்டு, முன்னிலும் கடுமையாக எழுதலானார். அவ்வேட்டை வைதுகொண்டே விலை கொடுத்து வாங்கிப் படித்த ஜனங்களுக்கும் இப்பாவத்தில் ஒரு பங்கு உண்டென்பது என் கருத்து.

1944 நவம்பர் 8-ஆம் தேதி, சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவிற் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் வழிமறித்துக் கத்தியாற் குத்தினர். குத்துண்டவர் உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்றிலர். வக்கீல் நண்பர் ஒருவர் இல்லத்தை அடைந்து, போலீஸாரிடம் தம் முறையீட்டையும் கொடுத்து, அதன் பின்னரே ஜெனரல் ஆஸ்பத்திரி சேர்ந்தார். மறுநாள் உயிர் நீங்கிற்று. காயத்தை நோக்காது காகிதத்தை நோக்கியமையே அவர் உயிருக்கு உலையாயிற்று என்று கூறுவாரும் உளர்.

குத்தியவர் எனச் சிலர் பிடிபட்டனர். அதனோடு நின்றிருப்பின் இவ்வழக்கு இன்று ஒருவர் நினைவிலும் இராது. டிசம்பர் மாத இறுதியில் பாகவதரும், கிருஷ்ணனும், ஸ்ரீராமுலு நாயுடுவும் சதி செய்து கொலையை ஏவினர் என்ற குற்றச்சாட்டின்மீது கைது செய்யப்பட்டனர். பத்திரிகையால் மானம் இழந்தோர் பகை கொள்ளுதல் இயல்பே. ஆனாற் பகை இருந்தமை வேறு, ஆளை ஏவியமை வேறு. முன்னதை நாடறியும், பின்னதற்குச் சான்று வேண்டுமன்றோ?

அச்சான்றுக்கு அப்ரூவரின் வாக்கு இன்றியமையாததாயிற்று. அப்ரூவர் என்பவர் யாரெனின், குற்றத்தில் தாமும் பங்கு கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஏனையோருக்கு எதிராகச் சாட்சி கூறுவதற்காக மன்னிப்புப் பெற்றவர். இத்தகையோர் வாக்கைச் சட்டமே ஐயத்துடன் நோக்கியது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, உடந்தையானவர் சாட்சியத்தை மட்டும் கொண்டு தண்டித்தல் சட்ட விரோதமன்று என்றது. 114-ஆம் பிரிவோ, முக்கியமான அம்சங்களிற் பிற சான்றின் துணையின்றி அவரை நம்புதல் தகாது எனக் கோர்ட்டார் கருதலாம் என்றது. ஒரு கையால் திறந்து மறு கையாற் சாத்தும் கதவு போன்ற இவ்விரு பிரிவுகளின் இடையிலேதான் பாகவதரின் தலைவிதி ஊசலாடியது.

சென்னை நகரத்துக் கொலை வழக்குகளை அந்நாளில் ஹைகோர்ட்டே ஜூரிகளைக் கொண்டு செஷன்ஸ் விசாரணை செய்தது. நீதிபதி மாக்கெட் முன்னிலையில் வழக்கு நடந்தது. ஸ்ரீராமுலு நாயுடுவுக்காகப் பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி வந்து வாதித்தார். 1945 மே 3-ஆம் தேதி ஜூரிகள் தம் முடிவைக் கூறினர். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என ஜூரிகள் ஒன்பதின்மருள் அறுவர் கூறினர், மூவர் உடன்பட்டிலர். பெரும்பான்மையே முடிவாதலின் இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது. அம்மூவர் யார், அவர்கள் மனத்தை உறுத்திய ஐயம் யாது என்று நான் பலகாலும் எண்ணியதுண்டு. ஜூரிகள் காரணம் கூற வேண்டுவதில்லையாதலால் அதனை அறிய வழியில்லை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கு இடமே இல்லாது போயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், பிரதம நீதிபதி லீச், நீதிபதி லக்ஷ்மண ராவ் ஆகியோர் அடங்கிய ஹைகோர்ட்டுப் பெஞ்சு மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. பின்னர் வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கௌன்ஸிலுக்குச் சென்றது. இதனிடையே ஒரு விந்தையைக் கேளுங்கள். சென்னை பிராட்வே கொட்டகையில் ஹரிதாஸ் ஓடிக்கொண்டே இருந்தது. 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளை அப்படம் கண்டது. மாலைதோறும் திரையில் அவர் பாட, ஜனங்கள் மெய்ம்மறந்து கேட்டனர். பாடியவரோ கைதியுடை தரித்துச் சிறைக்குள் இருந்தார்.

பிரிவி கௌன்ஸில், மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்கே திருப்பி அனுப்பிற்று. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் இருவரும் சாட்சியங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். குற்றஞ் சாட்டப்பட்டோர் தரப்பில் வாதித்தவர்களுள் வக்கீல் எதிராஜும் ஒருவர். சர்க்கார் தரப்புச் சாட்சியம் நம்பத் தக்கதன்று எனக் கண்டு, 1947 ஏப்ரல் மாதத்தில் இருவரையும் விடுதலை செய்தனர். சாட்சிகள் மாறினாரல்லர், சாட்சியமும் பெரும்பாலும் முன்னிருந்ததே. படித்த கண்களே வேறு. கொலையை ஏவியவர் யார் என்பதற்குப் படித்துறையிலே பத்து விடைகள் கிடைக்கும். கோர்ட்டிலே நிலைத்து நின்ற விடை ஒன்றுமில்லை.

இவ்வரலாற்றை வகுப்பிற் சொன்னபோது மாணாக்கன் ஒருவன் எழுந்து, குற்றமில்லை என்றால் அந்த இரண்டரை ஆண்டுகளை யார் திருப்பித் தந்தார்கள் என வினவினான். ஒருவரும் தரவில்லை என்பதன்றி வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. அவன் அமர்ந்துவிட்டான், நான்தான் அன்று முழுவதும் அமைதியின்றி இருந்தேன்.

ஏனெனில் விடுதலைக்குப் பின்னர் நிகழ்ந்ததே இச்சரித்திரத்தில் மிகவும் துயரமானது. பாகவதர் பூனா நகரிற் சொந்தமாக எடுத்த ராஜமுக்தி 1948-இல் வெளிவந்து தோல்வியுற்றது. 1952-இல் அமரகவியும் சியாமளாவும் வந்தன; பழைய வெற்றி வரவில்லை. சிறைவாசம் அவர் பெயரைக் கெடுத்தது என்பர் சிலர். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. உடன் சிறையிருந்த கிருஷ்ணன் வெளிவந்து நல்ல தம்பி, மணமகள் எனப் படங்கள் தந்து முன்போலவே விளங்கினாரே! காலமும் அன்றோ மாறியிருந்தது? சேலம் ஏற்காட்டுச் சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸார் 1950-இல் வெளியிட்ட மந்திரி குமாரியை ஜனங்கள் வசனத்திற்காகவே சென்று கேட்டனர். ஐம்பது பாட்டுக்களுக்குச் செவி கொடுத்த நாடு அடுக்குமொழிக்குச் செவி கொடுக்கத் தொடங்கிவிட்டது. அம்மாற்றம் நிகழ்ந்த ஆண்டுகளிற் பாகவதர் சிறையில் இருந்தார். வெளியில் இருந்திருப்பின் காலத்தோடு தாமும் சிறிது சிறிதாக மாறியிருக்கக் கூடும். அந்த அவகாசத்தைத்தான் வழக்கு பறித்துக்கொண்டது.

ஆயினும் அவர் பாடுவதை விட்டாரில்லை. கோயில்களிலும் சபைகளிலும் கச்சேரி செய்து வந்தார். 1957-இல் புதுவாழ்வு என்னும் படத்தைத் தாமே இயக்கினார்; அதுவும் கைகொடுக்கவில்லை. நீரிழிவு நோய் உடலை வாட்டிற்று. 1959-இல் பொள்ளாச்சியிற் கச்சேரி செய்து திரும்பியபின் உடல்நிலை மிகவும் குன்றவே, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லட்சுமிகாந்தன் உயிர் நீத்ததும் அவ்வாஸ்பத்திரியிலேதான். நவம்பர் 1-ஆம் தேதி பாகவதர் காலமானார், வயது நாற்பத்தொன்பது. உடலைத் திருச்சிக்குக் கொண்டு சென்றனர். அவர் நடித்த பதினான்கு படங்களுள் கடைசியான சிவகாமி, மறு ஆண்டிற்றான் வெளிவந்தது.