வில்லைக் கீழே வைத்தவர்

1945-ஆம் ஆண்டு. ஹிட்லர் வீழ்ந்தான், முசோலினி மாண்டான். அடுத்து விழப்போவது ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோதான் என்று நம்பிக் காத்திருந்தனர் கேட்டலன் மக்கள். அவர்களுள் ஒருவர், உலகம் போற்றிய செல்லோ வாத்திய மேதை காசல்ஸ்.

1876-இல் எல் வென்ட்ரெல் என்னும் சிற்றூரில், மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவரின் மகனாய்ப் பிறந்தார். உலகத்துக்கு அவர் பாப்லோ. தம் மக்களுக்குப் பாவ். கேட்டலன் மொழியில் அச்சொல்லுக்குச் சமாதானம் என்றும் பொருளுண்டு! பதின்மூன்று வயதில் பார்சிலோனாக் கடையொன்றில் பாக் இயற்றிய செல்லோ இசைத் தொகுப்பைக் கண்டெடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே அதை மேடையேற்றினார்.

1939-இல் உள்நாட்டுப் போரில் பிராங்கோ வென்றார். பள்ளியிலும் அலுவலகத்திலும் கேட்டலன் மொழிக்கு இடமில்லாமற் போயிற்று. கேட்டலோனியாவின் தலைவர் கொம்பானிஸை, பிரான்சில் பிடித்த ஜெர்மானியர் பிராங்கோவிடம் ஒப்படைத்தனர். 1940-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லை கடந்த காசல்ஸ், பிரெஞ்சு மண்ணில் பிராட் என்னும் ஊரில் தங்கி, முகாம்களில் வாடிய அகதிகளுக்கு உதவி திரட்டினார்.

போர் முடிந்ததும் இங்கிலாந்து சென்று வாசித்தார். வரவேற்புக்குக் குறைவில்லை. ஆனால் பிராங்கோவை அகற்றும் எண்ணம் லண்டனுக்கு இல்லை என்பது சில மாதங்களிலேயே விளங்கிற்று. கச்சேரிகளை நிறுத்தினார். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் தரவிருந்த பட்டங்களை மறுத்தார். பிராங்கோவின் ஆட்சியை ஏற்ற நாடுகளில் இனி வாசிப்பதில்லை என்று வில்லைக் கீழே வைத்தார்.

வல்லரசுகள் அசைந்தனவா? ஸ்பெயினிலிருந்து தூதர்களைத் திரும்ப அழைக்குமாறு 1946-இல் பரிந்துரைத்த ஐ.நா. சபை, 1950-இல் அதை ரத்துச் செய்தது. சோவியத்தை எதிர்க்கப் பிராங்கோ வேண்டியவரானார். 1953-இல் அமெரிக்கா அங்கே இராணுவத் தளங்கள் பெற்றது. 1955-இல் ஸ்பெயின் ஐ.நா. உறுப்பினராயிற்று. கேட்டலோனியாவை யார் கேட்டார்கள்?

உலகத்துக்குப் போகாதவரைத் தேடி, 1950-இல் இசைவாணர்கள் பிராட்டுக்கே வந்தனர். பின்னர் தாய் பிறந்த போர்ட்டோ ரிக்கோவில் குடியேறினார். 1961-இல் வெள்ளை மாளிகையில் கென்னடி முன் வாசித்தார். தளம் பெற்ற நாட்டில் வாசிக்கலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். கென்னடிமீது அவருக்கு இருந்த நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்த நம்பிக்கையும் பலிக்கவில்லை.

1971-இல், தொண்ணூற்று நான்காம் வயதில், ஐ.நா. மன்றத்தில் நின்று, தாம் ஒரு கேட்டலன் என்று அறிவித்து, தம் நாட்டின் பழம்பெரும் பாராளுமன்றத்தை நினைவூட்டினார். பிறகு பறவைகளைப் பற்றிய தம் ஊர் நாட்டுப்பாடலை வாசித்தார்.

1973-இல் காசல்ஸ் மறைந்தார். பிராங்கோ மேலும் இரண்டாண்டு வாழ்ந்தார். 1979-இல் கேட்டலோனியாவுக்குத் தன்னாட்சி திரும்பியது. அவர் உடலும் அவ்வாண்டுதான் எல் வென்ட்ரெல் வந்து சேர்ந்தது.