துணிக்கடைக்காரர் கண்ட துளி உலகம்

ஹாலந்து தேசத்தில் டெல்ப்ட் என்ற ஊரில், 1632-ம் ஆண்டு அக்டோபர் 24-ந்தேதி, கூடை முடையும் ஒருவரின் வீட்டில் பிறந்தவர் ஆண்டனி வான் லூவன்ஹூக். சிறு வயதிலேயே தகப்பனார் காலமானார். கல்லூரிப் பக்கமே இவர் போனதில்லை. லத்தீன் மொழி தெரியாது. லத்தீன் தெரியாதவரைப் படித்தவர் என்று யாரும் ஒப்புக்கொள்ளாத காலம் அது.

16 வயதில் ஆம்ஸ்டர்டாமுக்குப் பிழைக்கப் போனார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. 1654-ல் ஊர் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, சொந்தமாகத் துணிக்கடை வைத்தார். பிறந்த 5 குழந்தைகளில் மரியா என்ற மகள் மட்டுமே தங்கினாள். 1660-ல் நகரசபையில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. சபை அறையைத் திறப்பது, பூட்டுவது, சுத்தமாக வைப்பது, குளிர் நாளில் கணப்பு மூட்டுவது ஆகியவை அந்த உத்தியோகத்தின் கடமைகள்!

ஏரித் தண்ணீர்

துணியின் இழையை எண்ணிப் பார்க்க ஜவுளிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். லூவன்ஹூக் அதோடு நிற்கவில்லை. சின்னஞ்சிறு லென்சுகளைத் தாமே செய்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்தினார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

1674-ல் ஊருக்கு அருகே இருந்த ஏரியின் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். பச்சைச் சுருள்கள், அவற்றினூடே ஓடித்திரியும் குட்டிப் பிராணிகள். பிறகு, மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். காரத்தின் காரணம் அகப்படவில்லை. முன்பு கண்டதைவிடப் பல மடங்கு சிறிய உயிர்கள் அகப்பட்டன! 1676 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

அங்கே நம்புவார் இல்லை. துணிக்கடைக்காரர் கதை அளக்கிறார் என்ற சந்தேகம். பாதிரியார்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று 8 பேரை அழைத்துக் காட்டி, அவர்கள் கையெழுத்திட்ட சாட்சியத்தை அனுப்பினார். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் தம் கருவியில் அந்த உயிர்களைச் சபையோருக்குக் காட்டிய பிறகே சந்தேகம் தீர்ந்தது. 1680-ல் இவர் அச்சபையின் அங்கத்தினர் ஆனார்.

1681-ல் வயிற்றோட்டம் கண்டபோது, தம் மலத்தையே எடுத்துப் பார்த்து, அதிலும் ஒரு பிராணியைக் கண்டார். அருவருப்புப் பார்த்திருந்தால் விஞ்ஞானம் ஏது?

உட்கரு

இவருக்கு எல்லாமே குட்டிப் பிராணிகள்தான். ஆனால் மிளகுத் தண்ணீரில் கண்ட மிகச் சிறியவை பாக்டீரியாக்கள். அவற்றுக்கு உட்கரு இல்லை. ஏரியில் நீந்தியவை பெரும்பாலும் உட்கரு உள்ள உயிரணுக்கள். இந்தப் பாகுபாடு 20-ம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. 1700-ல் சால்மன் மீனின் ரத்த அணுக்களை வரைந்தபோது நடுவே ஒரு புள்ளியையும் இவர் வரைந்தார். அதுதான் உட்கரு! அதன் பெருமையை அவர் அறியவில்லை.

ஆலமரம், காளான், யானை, மனிதன் எல்லாம் உட்கரு உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனாலும் அக்குடும்பத்தின் கிளைகளில் பெரும்பாலானவை ஒரே உயிரணு கொண்ட, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான். குடும்பத்தின் பூர்வீகமும் விசித்திரமானது. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஓர் உயிரணுவுக்குள் ஒரு பாக்டீரியா குடிபுகுந்தது. பிறகு வெளியேறவே இல்லை. நம் உயிரணுக்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா அதன் வாரிசு. இலைக்குப் பச்சை நிறம் தரும் துணுக்கும் இப்படி வந்த குடித்தனக்காரர்தான். லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1967-ல் இதை வாதிட்டபோது அவரையும் பலர் நம்பவில்லை.

போன ரகசியம்

லூவன்ஹூக்கிடம் ஒரு குறை. லென்ஸ் செய்யும் நுட்பத்தை யாருக்கும் சொல்லித்தரவில்லை. 1723 ஆகஸ்டு 26-ந்தேதி, 90-வது வயதில் காலமானார். ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதி வைத்த 26 வெள்ளிக் கருவிகளும் பின்னாளில் தொலைந்து போயின. மகள் மரியா கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசி வரை தகப்பனாருக்குத் துணையாக இருந்தவர். அவரும் 1745-ல் இறக்க, வீட்டிலிருந்த நூற்றுக்கணக்கான கருவிகள் 1747-ல் ஏலம் போயின.

2021-ல் ஹாலந்து விஞ்ஞானிகள், மிஞ்சிய கருவிகளில் இரண்டைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிர் செலுத்தி உள்ளே பார்த்தார்கள். ஒன்றில் இருந்தது தேய்த்துச் செய்த லென்ஸ். மிகச் சிறந்த கருவியில் இருந்ததோ, கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கிச் செய்த சிறு மணி. அந்த முறையை ராபர்ட் ஹூக் 1678-லேயே அச்சிட்டு வெளியிட்டிருந்தார்!