மரச்சிற்பியின் மகன் தோர்வால்சன்

ஒரே சிற்பியின் படைப்புகளுக்கென எழுந்த அரும்பொருட்காட்சியகங்கள் உலகில் சில உள்ளன. அவற்றுள் பழமையான ஒன்று டென்மார்க் நாட்டுத் தலைநகரமாகிய கோப்பன்ஹேகனில் உள்ளது. அதற்குரியவர் பெர்ட்டல் தோர்வால்சன்.

இவர் 1770ஆம் ஆண்டு அந்நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஐசுலாந்திலிருந்து வந்த தந்தையார், கப்பல்களின் முகப்பை அணிசெய்யும் மர உருவங்களைச் செதுக்கிப் பிழைத்தார். மகனும் சிறு வயதிலேயே உளி பிடித்தான். 11 வயதில் அரச கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1793இல் பெரிய தங்கப் பதக்கம் வென்றார். அப்பரிசால் கிடைத்த உதவித்தொகையுடன் 1797இல் உரோம் நகரை அடைந்தார்.

அங்கே வாழ்வு எளிதாக இல்லை. பொன் ஆட்டுத்தோலை வென்ற கிரேக்க வீரன் ஜேசனின் உருவத்தைக் களிமண்ணில் வடித்தார். வார்ப்பெடுக்கப் பணமின்றி அது அழிந்தது. மனந்தளராது முன்னினும் பெரிதாக மீண்டும் வடித்தார். 1803இல், கைப்பொருள் தீர்ந்து ஊர் திரும்ப இருந்த வேளையில், தாமஸ் ஹோப் என்னும் செல்வர் அதனைச் சலவைக்கல்லில் செய்து தருமாறு கேட்டார். பயணம் நின்றது, புகழ் பரவியது. ஆயினும் அச்சிலையை அவர் ஒப்படைத்தது 1828இல்தான்! வேலைகள் குவிந்தன என்பது உண்மையே. எனினும், துன்பக் காலத்தில் கைகொடுத்தவரை 25 ஆண்டுகள் காக்க வைத்தது முறையன்று என்பதே என் கருத்து.

அவருடைய பட்டறையில் உதவியாளர் பலர் இருந்தனர். ஆசிரியர் களிமண்ணில் உருவாக்குவார். அதிலிருந்து சாந்து வார்ப்பு எடுக்கப்படும். அதனை அளந்து பார்த்துக் கல்லில் செதுக்குவோர் பெரும்பாலும் உதவியாளர்களே. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் பாறையிற் குடையப்பட்ட புகழ்மிக்க சிங்கமும் இவர் அமைத்த மாதிரியைக் கொண்டு லூக்காஸ் ஆகோர்ன் செதுக்கியதே.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் உரோமில் வாழ்ந்த பின், 1838இல் டென்மார்க் அரசு அனுப்பிய கப்பலில் தாயகம் திரும்பினார். தம் படைப்புகளையும் தாம் சேர்த்த கலைப்பொருள்களையும் பிறந்த நகருக்கே எழுதி வைத்தார். அரசர் இடம் அளித்தார். பொதுமக்கள் நிதி திரட்டினர். கட்டடம் திறக்கப்படுமுன், 1844 மார்ச் 24ஆம் நாள், நாடக அரங்கில் அமர்ந்திருந்தபோதே அவர் உயிர் நீத்தார். 1848இல் காட்சியகம் திறக்கப்பட்டது; அதன் முற்றத்திலேயே அவர் உடலும் அடக்கம் செய்யப்பட்டது.

அக்கட்டடத்தின் வெளிச்சுவரை நாம் மறத்தல் கூடாது. யோர்கன் சோன என்னும் ஓவியர், அங்கே தோர்வால்சனை நகரமக்கள் வரவேற்கும் காட்சியைத் தீட்டினார். மற்றைப் பக்கங்களில் அவர் தீட்டியவர்களோ, கப்பலிலிருந்து சிலைகளை இறக்கி, தோள் கொடுத்துச் சுமந்தும் வண்டியில் ஏற்றி இழுத்தும் வரும் மாலுமிகளும் கூலித் தொழிலாளரும் ஆவர்.