கணித மேதை மகாவீராசாரியர்

மகாவீரர் என்றவுடன் நம் உள்ளம் இருபத்து நான்காம் தீர்த்தங்கரரையே எண்ணும். அத்திருநாமம் தாங்கிய கணித ஆசாரியர் ஒருவரும் நம் சமயத்தில் இருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில், மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவர். ஜினசேனரைக் குருவாகப் போற்றிய மன்னன் அவன்.

ஆசாரியர் தம் பெற்றோரையும் ஊரையும் பற்றி ஒன்றும் கூறிச் சென்றாரில்லை. அவர் வரலாறு கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலே. அதை வர்த்தமான பகவானை வணங்கித் தொடங்குகிறார். சமையல் முதல் மருத்துவம் வரை கணிதம் இன்றி நடவாது என்று முன்னுரைத்து, முன்னோர் நூற்கடலிலிருந்து சாரத்தை எடுத்தளிப்பதாக அடக்கத்துடன் மொழிகிறார். சோதிடத்தோடு கலவாமல் கணிதத்திற்கென்றே அமைந்தது இந்நூலின் தனிச்சிறப்பு.

முக்கோணத்தின் உள்வட்டத்துக்கும் சுற்றுவட்டத்துக்கும் அவர் கூறிய விதிகளைக் காண்போம். பக்கங்கள் 13, 14, 15 என்க. பரப்பு 84; சுற்றளவு 42. பரப்பைச் சுற்றளவின் கால்பங்காகிய பத்தரையால் வகுத்தால் 8. அதுவே உள்வட்டத்தின் விட்டம். வட்டமையத்தை மூன்று முனைகளோடும் இணைத்தால் மூன்று சிறு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றுக்கும் ஆரமே உயரமாதலால் விதியின் காரணம் உடனே விளங்கும். சுற்றுவட்டத்துக்கோ, 14 அடிப்பக்கமானால் உயரம் 12. மற்ற இரு பக்கங்களின் பெருக்கற்பலன் 195ஐ 12ஆல் வகுக்க, விட்டம் பதினாறே கால். இவ்விதியைப் பிரம்மகுப்தர் 628இலேயே கூறியுள்ளார்; அதை மறைத்து நம்மவரை உயர்த்த வேண்டுவதில்லை.

பல்லாண்டுகள் இவ்விரு வட்டங்களையும் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். ஆயினும் ஓய்வு பெற்ற பின்னரே இவ்வாசாரியர் பெயரை அறிந்தேன். அவ்வெட்கம் இன்னும் தீரவில்லை.

அவர் பிழையே செய்யாதவர் அல்லர். ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்றார், அது தவறு. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று துணிந்து கூறியதோ, அக்கால எண் அறிவுக்கு முற்றும் பொருந்தும்.

பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். மூலம் நெடுங்காலம் சுவடிகளிலேயே உறங்கிற்று. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் சுவடிகளை ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். 1912இல் சென்னை அரசு அச்சகத்தில் அது வெளிவந்தது.