டைனோசர் எலும்புக்கு அட்ரஸ் கொடுத்த மனுஷன்!

நெல்லிக்குப்பத்தில் இருந்து விருத்தாசலம் தாண்டி அரியலூர் பக்கம் போனால், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வரிசையா வரும். அந்தப் பாறைகளை முறையா அடுக்கு அடுக்கா பிரிச்சு வெச்சவர் ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்டு.

1834-ல் லண்டனில் பிறந்தவர். 21 வயசுல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. அண்ணன் வில்லியமும் கூடவே சேர்ந்தார். ரெண்டு பேரும் முதலில் ஒடிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியை ஆய்வு செஞ்சாங்க. அப்புறம் ஹென்றி வந்தது நம்ம தென்னாற்காடு, திருச்சி மாவட்டங்களுக்கு.

இங்கே பாறைகளை மூணா பிரிச்சார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சி, மேலே அரியலூர். 1862-ல் வந்த அவரோட அறிக்கையில் இருக்கும் இந்த மூணு பெயர்களும் இன்னிக்கும் புழக்கத்தில் இருக்கு.

சரி, அடுக்குக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம்? எலும்பு மட்டும் கையில் இருந்தா ஏமாந்துடுவோம். 1887-ல் அமெரிக்காவில் கிடைச்ச ரெண்டு பெரிய கொம்புகளை, மார்ஷ் என்ற பெரிய நிபுணரே காட்டெருமைக் கொம்புன்னு முடிவு பண்ணிட்டார். முழுசான மண்டையோடுகள் கிடைச்ச பிறகு, 1889-ல் அதே மார்ஷ் மூணு கொம்பு டைனோசருக்கு 'டிரைசெராடாப்ஸ்'னு பேர் வெச்சார்.

அரியலூர் பக்கமும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. 1979-ல் இங்கே கிடைச்ச எலும்புகளை, முதுகில் தட்டுகள் உள்ள டைனோசர்னு சொல்லி 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி'ன்னு பெயரிட்டாங்க. பெயரின் பின்பாதி பிளான்ஃபோர்டு குடும்பத்துக்கான மரியாதை. ஆனா 1996-ல் வேறு ஆய்வாளர்கள், இடுப்பெலும்பும் காலெலும்பும் பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவோடதுன்னு வாதாடினாங்க. அது கிடைச்சது திருச்சி அடுக்கில். அந்த அடுக்கு உருவானது கடலடியில்!

1862-ல் துறையை விட்டுட்டு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார் ஹென்றி. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர். இமயமலையில் பனி அதிகமா விழுந்தா பருவமழை குறையும்னு கவனிச்சு, 1886-ல் முதல் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார். இன்னிக்கு கடலூர்க்காரங்க புயல் நேரத்தில் போனில் பார்க்கும் அலர்ட், அவர் தலைமையில் தொடங்கிய அதே துறையில் இருந்துதான் வருது.

பிறகு ஓய்வு. 1893-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அவர் அளந்த பாறைகளை இப்போ சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டி எடுத்துட்டிருக்காங்க. லாரியில் ஏறிய எலும்பு எந்த அடுக்கில் இருந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் போனால், வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. வழியில் வித்தியாசமா ஏதாவது கண்ணில் பட்டா பையில் போடாதீங்க. போட்டோ எடுங்க, லொகேஷனைக் குறிச்சு அருங்காட்சியகத்தில் சொல்லுங்க. கல்லுக்கும் எலும்புக்கும் அந்த இடம்தான் அட்ரஸ்.